பஞ்சரும் பச்சை மணிகளும்

பஞ்சர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தெருவில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். மேம்பாலத்துக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சாலையை அகலப்படுத்தியபோது கடை போய்விட்டது; பெயர் போகவில்லை. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் இப்போதும் "பஞ்சர் அண்ணன் இருக்காரா?" என்றுதான் கதவைத் தட்டுகிறார்கள். கையில் டயர் இருக்காது. கைக்குட்டையில் முடிந்துவைத்த உடைந்த மணி இருக்கும்.

சைக்கிளை விட்டுவிட்டு மணிக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், அவர் மனைவியைக் கைகாட்டுவார். "எல்லாம் இவளோட நூல் பண்ண வேலை."

அவள் வீட்டிலிருந்தே மணி கோப்பவள். கையால் நகை செய்து விற்கும் ஒரு கடை, கல்மணிகளைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பும். அவள் மாலையாக்கித் திருப்பி அனுப்புவாள். சைக்கிள் கடை போன புதிதில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே இருந்த பஸ் டிப்போவின் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் ஒரு சிவப்புக்கல் மாலை அவளைப் படாதபாடு படுத்தியது. எவ்வளவு கெட்டியான நூலைப் போட்டாலும் அறுந்துவிட்டது. நூலைத் திட்டினாள், கடையைத் திட்டினாள், கடைசியில் தன் கையையே திட்டினாள். அவர் எழுந்து வந்து ஒரு மணியை எடுத்து, அதன் துளையில் நாக்கு நுனியை வைத்துப் பார்த்தார்.

"நூல் மேல தப்பில்ல. ஓட்டையோட விளிம்பு பிளேடு மாதிரி இருக்கு. ரிம்முல ஸ்போக் முனை நீட்டிக்கிட்டு இருந்தா டியூபைக் குத்திக்கிட்டே இருக்கும்ல, அந்தக் கதைதான்."

பழைய ஸ்போக் ஒன்றைத் தேய்த்துக் கூராக்கி, அதன் முனையில் உப்புத்தாளைச் சுற்றினார். மணி வழுக்காமல் இருக்க ஒரு துண்டு டியூப் ரப்பரில் பிடித்துக்கொண்டு, கிண்ணத்துத் தண்ணீருக்கு அடியில் வைத்தே துளையின் விளிம்பை உருட்டிவிட்டார். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் கல் சூடேறி வெடிக்கும், தூள் நெஞ்சுக்குள் போகும் என்பதெல்லாம் அவருக்கு அப்போது தெரியாது. ரப்பரைத் தேய்க்கும்போது நெருப்பு மாதிரி சுட்ட அனுபவத்தில் தண்ணீரில் வைத்தார், அவ்வளவுதான். அந்த மாலை பிறகு அறுந்ததே இல்லை.

அதிலிருந்து ஒன்று தொட்டு ஒன்றாக வந்தது. விளிம்பு சிதறிய மணியைத் தேய்த்துச் சமமாக்குவார். பள்ளம் விழுந்த மணிக்கு, அதே கல்லின் உடைசலை நுணுக்கிப் பசையில் குழைத்து அடைப்பார். பிளந்த மணியைச் சேர்த்து ஒட்டுவார். எதையும் ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக்குமிழ் வந்து ஒட்டிக்கொள்ளும். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தவருக்கு வேறு என்ன வழி தெரியும்? அக்கம்பக்கத்தில், "கல்லுல நார் உரிக்கிறவங்களப் பார்த்திருக்கோம், கல்லுக்கு ஒட்டுப் போடற ஆளை இப்பத்தான் பார்க்கறோம்" என்று சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

சிரிக்காதவள் ஒருத்திதான். அவர் மனைவியின் அக்கா.

அக்காவைக் கட்டியவர் மருந்துக்கடை வைத்திருந்தார். தங்கை சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்கா அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. எங்கேயாவது பார்த்தால் "நல்லா இருக்கியாடி" என்பாள். அவரைப் பற்றிக் கேட்க மாட்டாள். போன வருடம் அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே போர்வையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அக்கா போன் செய்ய ஆரம்பித்தாள். முதலில் அம்மாவைப் பற்றி மட்டும். பிறகு முட்டிவலி, வேலைக்காரி, கூரை ஒழுகுவது என்று எல்லாவற்றையும் பற்றி. தங்கை அந்த அழைப்புகளுக்காகக் காத்திருந்தாள் என்பதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. போன் அடித்தால் ஊசியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும்.

அந்த அக்காதான் ஒரு வியாழக்கிழமை மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றாள். உட்காரச் சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு துணி மடிப்பை எடுத்தாள். உள்ளே பச்சைக்கல் மாலை. நடுவில் பெரிதாகவும், இரண்டு பக்கமும் போகப்போகச் சிறிதாகவும் மணிகள். நடுமணி இரண்டாகப் பிளந்திருந்தது.

"மரகதம்டி. என் மாமியாரோடது. சின்ன மகன் வீட்டுக்குப் போறப்ப என்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க. பீரோவிலேருந்து எடுக்கறப்ப கை தவறித் தரையில விழுந்துருச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்? ஞாயித்துக்கிழமை வர்றாங்க. வந்ததும் முதல்ல கழுத்தைத்தான் பார்ப்பாங்க. அந்த வீட்டுல இத்தனை வருஷத்துல ஒரு டம்ளரைக்கூட நான் உடைச்சதில்ல. நகைக்கடையில எல்லாம் கேட்டுட்டேன். வேற மணி போடலாம், இந்தப் பச்சை கிடைக்காதுங்கறான். வேற வழியில்லாமத்தான் வந்தேன்." அவர் பக்கம் பார்க்காமல், தங்கையிடமே கேட்டாள். "உன் வீட்டுக்காரரால முடியுமா?"

அவர் மணியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தார். பல்லோடு பல் பொருந்துவதுபோல் பொருந்தின. "முடியும்க்கா. நாளன்னைக்கு வாங்க."

அக்கா போனபின் தங்கை ஜன்னல் வழியாக அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லபடியா பண்ணிக் குடுத்துருங்க. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ இனிமே இந்தப் படி ஏற மாட்டா."

"ஏறி வந்தவங்களை இறக்கிவிடற மாதிரியா நான் வேலை செய்வேன்?" என்றார் அவர்.

மாலையின் வரிசையை போனில் படம் எடுத்துக்கொண்டு அவள் நூலை வெட்டினாள். மணிகள் துண்டின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. உடைந்த மணியை மட்டும் சுத்தம் செய்து ஒட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பஞ்சர் கடைக்காரர் யாராவது ஒரு ஓட்டையை அடைத்துவிட்டுச் சும்மா இருப்பாரா? ஒரு ஓட்டை இருக்கிற டியூபில் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்பது அவருடைய வேதம். மற்ற மணிகளையும் சோதித்துவிடலாம் என்று நினைத்தார். அழுக்கு இருந்தால் குமிழ் தெரியாது. எனவே எல்லா மணிகளையும் ஒரு சாஸரில் போட்டு, மூழ்கும்வரை பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஊற்றி மூடிவைத்தார். அடுத்த நாள் மாலை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசித் துணியில் பரப்பினார். பிளந்த மணியை ஒட்டி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிவைத்தார். வெளிச்சம் போய்விட்டிருந்தது. மற்ற மணிகளின் சோதனையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் முதலில் பார்த்தது அவள்தான்.

ஜன்னல் திரையை விலக்கியவள் அப்படியே நின்றாள். துணியின் மேல் இருந்தவை அக்காவின் மணிகளே அல்ல. பச்சை எங்கோ அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், சிலந்தி வலை பின்னியதுபோல். கையில் எடுத்தால் பொடிந்து கொட்டிவிடும் என்று தோன்றியது.

"என்னங்க." திரையை விடாமலே கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க."

அவர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். பார்த்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பப் போகவும் இல்லை. ஒரு மணியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கடிகார ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்" என்றார். அடுத்து, "நீ இதைப் பாரு" என்றார்.

"பார்க்கற நேரமா இது? அக்கா வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

"திட்டறதைப் பார்த்துட்டுத் திட்டு."

அவள் கோபத்தோடுதான் லென்ஸை வாங்கினாள். கண்ணில் வைத்தாள். மணி மங்கலாகத் தெரிந்து, பிறகு தெளிந்தது.

அது ஒரு கல்லாகத் தெரியவில்லை, ஒரு இடமாகத் தெரிந்தது. பச்சை நிறத்தில் பள்ளத்தாக்கு ஒன்று கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. அதன் குறுக்கே கண்ணாடித் தகடுகள்போல் வெள்ளைப் படலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. விரல் கொஞ்சம் அசைந்தால் ஒரு தகடு அணைந்து இன்னொன்று எரிந்தது. அவற்றுக்கு அப்பால் பாசிபோல் ஏதோ கொத்துக் கொத்தாகப் படர்ந்திருந்தது. ஒரு மூலையில் கருப்புப் புள்ளி ஒன்று, யாரோ ஒருவர் தூரத்தில் நிற்பதுபோல். இத்தனையும் ஒரு கடலைப் பருப்பு அளவு மணிக்குள். அவள் வாழ்நாளெல்லாம் கல்மணிகளை விரலில் உருட்டியவள். அவற்றுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தாள். மூச்சு விட்டால் அந்தத் தகடுகள் சரிந்துவிடும் என்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அக்கா, ஞாயிற்றுக்கிழமை, மாமியார் எல்லாம் கொஞ்ச நேரம் அவளை விட்டுப் போய்விட்டன.

லென்ஸை எடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தன.

"விரிசல் விட்டுருச்சா? தின்னர் கல்லைத் தின்னுருச்சா?"

"தெரியல." அவர் மணிகளை விட்டுவிட்டு, தின்னர் ஊற்றிவைத்த சாஸரை எடுத்தார். தின்னர் ஆவியாகிப் போயிருந்தது. அடியில் ஏதோ பளபளத்தது. விரலால் தடவி, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். செயினிலும் பேரிங்கிலும் ஆயுளில் பாதியைக் கழித்த விரல்கள் அவை. முகம் மாறியது.

"எண்ணெய்."

"எண்ணெயா? எங்கேருந்து?"

"கல்லுக்குள்ளேருந்து. இந்த விரிசல் எல்லாம் நான் பண்ணதில்ல. முன்னாடியே இருந்திருக்கு. எவனோ எண்ணெயில ஊறவச்சு மறைச்சிருக்கான். நான் அதைக் கழுவி எடுத்துட்டேன்."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க."

"சொல்றேன். சரியா தப்பான்னு பார்த்துருவோம்."

அலமாரியில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தது, தண்ணீர்போல் தெளிந்தது. அதை ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார். வரிசையின் கடைசியிலிருந்து மிகச் சிறிய மணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். போனால் அதோடு போகட்டும் என்று அவர் நினைத்தது அவளுக்குப் புரிந்தது. அவர் அதை உள்ளே விடப்போன நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"நாந்தாண்டி. சாயங்காலம் வரலாம்னு பார்த்தேன், வீட்டுல இருப்புக் கொள்ளல." கதவு திறந்தே இருந்ததால் அக்கா பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். துணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்னது?"

தங்கை துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"என் மணி எங்க?"

"இதுதான்க்கா" என்றார் அவர்.

"இதுவா? இது ஏதோ உடைஞ்ச பாட்டில் துண்டு. என் மணி எங்கடி? ஒன்னு உடைஞ்சுதுன்னு குடுத்தேன். மாத்திட்டீங்களா?"

அந்தச் சொல் அறை நடுவில் விழுந்தது. தங்கை தன் கணவரைப் பார்த்தாள். அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன. ஆனால் குரல் உயரவில்லை.

"மாத்தலக்கா. தப்புப் பண்ணிட்டேன். ஒன்னை மட்டும் கழுவியிருக்கணும், எல்லாத்தையும் கழுவிட்டேன். உள்ள இருந்த எண்ணெய் வெளிய வந்துருச்சு. திரும்ப ஏத்திப் பார்க்கப் போறேன். ஏறும்னு நெனைக்கறேன். சத்தியமாச் சொல்ல முடியாது."

"கல்லுக்குள்ள எண்ணெயாம். எனக்கு என்ன காது குத்தறீங்களா?" அக்கா துணியோடு மணிகளைச் சுருட்டக் கையை நீட்டினாள். "நான் வந்திருக்கவே கூடாது."

சின்ன வயதிலிருந்து அக்கா ஒன்று சொன்னால் தங்கை தலையைக் குனிந்துகொள்வாள். அன்றைக்குக் குனியவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்போம் என்று அவளே நினைக்கவில்லை.

"உட்காரு."

"கையை விடுடி."

"நீ உட்காந்ததும் விடறேன். எண்ணெய் ஏறுதான்னு நானும் இன்னும் பார்க்கல. பார்த்துட்டு அப்புறம் பேசு. அதுக்கப்புறம் நீ வராமப் போனாலும் சரி."

அக்கா உட்கார்ந்தாள். தங்கை அந்தச் சின்ன மணியை அவள் உள்ளங்கையில் வைத்து, "நீயே போடு" என்றாள்.

மணி எண்ணெயில் மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அக்கா உதட்டைப் பிதுக்கினாள். பிறகு மணியின் பக்கவாட்டிலிருந்து ஒரு குமிழ் புறப்பட்டது. கண்ணில் தூசி விழுந்ததோ என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறியது. மேலே வந்து காணாமல் போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் நூலில் கோத்ததுபோல் ஒரு வரிசை. தூங்குகிற குழந்தை மூச்சு விடுவதுபோல் கல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அங்க பாரு, கோடு" என்றாள் தங்கை, ரகசியம் சொல்லும் குரலில்.

குமிழ் வந்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைக்கோடு அழியத் தொடங்கியிருந்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு ஈரத்துணியால் துடைப்பதுபோல், ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒரு படலம் போனது. பின்னால் இருந்த படலம் கொஞ்சம் தயங்கிவிட்டு அதுவும் போனது. அவை போன இடத்தில் பச்சை மேலே ஏறி வந்தது. முதலில் வெளிறிய பச்சை, பிறகு ஆழமான பச்சை, பிறகு கிண்ணத்து எண்ணெய்க்கே அந்தச் சாயை வந்துவிட்டதுபோல் ஒரு பச்சை. டிப்போவில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. மூன்று தலைகள் ஒரு கிண்ணத்தின் மேல் முட்டாத குறையாகக் குனிந்திருந்தன.

அவர் ஊசியால் மணியை எடுத்துத் துணியில் துடைத்து அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இது இப்படியேதான் இருந்துச்சா? என் கழுத்துல இருந்தப்பவும்?"

"மண்ணுல பொறந்தப்பவே இப்படித்தான்க்கா."

"என் மாமியாருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"போட்டுக்கிட்டவங்களுக்குத் தெரியாது. வித்தவனுக்குத் தெரியும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுத்த மணியைத் தானே எடுத்து எண்ணெயில் போட்டாள். லென்ஸை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள். வெள்ளையாக இருக்கும்போது ஒரு முறை, பச்சையானபின் ஒரு முறை என்று ஒவ்வொரு மணியையும் பார்த்தாள். "இதுக்குள்ள மழை பெய்யுதுடி." "இதுல பாரு, ஒரு ஏணி." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவள் எப்போது தரைக்கு இறங்கிச் சம்மணம் போட்டாள் என்று தங்கை கவனிக்கவில்லை.

மதியத்துக்குள் ஒட்டிய மணியின் பசை இறுகிவிட்டது. அவர் ரப்பரைப் பிரித்து அதையும் எண்ணெயில் விட்டார். இதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். வெள்ளைக்கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறைய மறுத்தது ஒரே ஒரு மெல்லிய ரேகை. அதுவும் லென்ஸில்தான் தெரிந்தது, அதுவும் இருக்கிறது என்று தெரிந்து தேடினால்.

தங்கை மாலையைக் கோத்து முடித்து அக்காவின் கழுத்தில் போட்டுவிட்டாள். அக்கா கண்ணாடி முன்னால் நின்று நடுமணியை விரலால் தொட்டாள். ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். தங்கைக்கு அது என்ன மாதிரியான பேசாமை என்று பிடிபடவில்லை. "மாத்திட்டீங்களா" என்ற சொல்லை அக்கா திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை.

ஞாயிறு போனது. போன் வரவில்லை. திங்களும் வரவில்லை. தங்கை மணி கோக்கும்போது போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அவர் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் ஸ்போக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒருவர் நடுநடுவே நின்று, "இன்னும் எத்தனை படி கட்டி வச்சிருக்கானுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா முன்னால் வந்தாள். பின்னால், கைத்தடியோடு, அவள் மாமியார். கழுத்தில் பச்சை மாலை. மாமியாரின் கழுத்தில்.

தங்கை கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"கீழே போட்டு உடைச்சுட்டேன், ஒட்டி வாங்கினேன்னு நானே சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "எத்தனை வருஷம் பயந்துக்கிட்டே கழுத்துல போட்டுக்கறது?"

மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மேஜையில் இருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பஞ்சரைப் பார்த்தார்.

"நீங்கதானா அது? இவ ரெண்டு நாளா இதையே சொல்லிக்கிட்டிருக்கா. மழை பெய்யுதுங்கறா, ஏணி இருக்குங்கறா. என் கழுத்துல நாப்பது வருஷம் இருந்த கல்லு. எனக்கு ஒன்னும் காட்டல. நேத்து வந்த இவளுக்குக் காட்டியிருக்கு." மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒன்னைக் கழுவுங்க."

"மறுபடியும் வெளுத்துருமேம்மா" என்றார் அவர்.

"வெளுக்கட்டும். நான் உள்ள பார்த்துட்டுத்தான் போவேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா அதற்குள் அடுப்படிக்குள் நுழைந்து, கிண்ணத்துக்கு வெந்நீர் வைக்க எந்தப் பாத்திரத்தை எடுப்பது என்று கேட்டாள். "உங்க வீட்டுல எதை எங்க வச்சிருக்கீங்கன்னே தெரியலடி" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

கல் வெளுக்க நேரமாகும் என்று அவர் சொன்னார். பரவாயில்லை, இருக்கிறேன் என்றார் மாமியார்.